கீழடி காலத்துச் சமையலை மண் அடுப்பில் செய்து காட்ட: அடுப்பு, பானை, விறகு, பண்டம்

தோப்பு_திருப்புவனம்

வணக்கம். கீழடி அருங்காட்சியகம் பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளுக்காகத் திருப்புவனம் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் 2 நாள் பழங்காலச் சமையல் செய்து காட்டப் போகிறோம். நாங்கள் 4 பேர். ஒரு வேளைக்கு 15 பேர் சாப்பிடும் அளவு. கண்ணாடிக்குப் பின்னால் பானையைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளை, அதே போன்ற பானையில் உலை கொதிப்பதையும் பார்க்க வேண்டும். அதுதான் நோக்கம்.

இப்போதைக்கு நினைத்திருப்பது: அரிசிச் சோறு, சாம்பார், தக்காளி ரசம், உருளைக்கிழங்குப் பொரியல். தோப்பைச் சுற்றிச் சீமைக்கருவேல் நிறையக் கிடக்கிறது, விறகுக்குப் பஞ்சமில்லை. பானை புதிதாக வாங்க வேண்டும். அடுப்பு கட்டத் தெரிந்தவர் யாரும் எங்களிடம் இல்லை. மாதம் ஆடி. எங்கிருந்து தொடங்குவது?

பழம்படி

தம்பி, முதலில் சாப்பாட்டுப் பட்டியலைக் கீழே வையுங்கள். எந்தக் காலத்தைக் காட்டப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். "பழங்காலம்" என்று ஒரே காலம் கிடையாது. கீழடியில் ஓர் அடுக்குக்குக் கரிமக் காலக்கணிப்பு கி.மு. 580 என்று வந்திருக்கிறது. திருமலை நாயக்கர் ஆண்டது 1623 முதல் 1659 வரை. நம் பாட்டிமார் பித்தளைப் பானையில் சமைத்தது 100 வருடத்துக்குள். மூன்றுக்கும் அடுப்பு ஏறக்குறைய ஒன்றாக இருக்கலாம். சட்டிக்குள் போகும் பண்டம் ஒன்றல்ல.

உங்கள் பட்டியலில் தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய் மூன்றும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். போர்ச்சுக்கீசியர் வாஸ்கோடகாமாவுடன் 1498-ல் கோழிக்கோட்டுக்கு வந்த பிறகுதான் இவை இந்தப் பக்கம் வர வழி பிறந்தது. கீழடிக்கு 2,000 வருடம் பிந்தியவை. அருங்காட்சியகத்திலிருந்து வரும் பிள்ளையின் கையில் தக்காளி ரசத்தைக் கொடுத்து "இது கீழடிச் சாப்பாடு" என்றால், அங்கே கற்றதை நீங்களே அழித்துவிடுகிறீர்கள்.

விலக்க வேண்டியவை: மிளகாய், தக்காளி, உருளை, சர்க்கரைவள்ளி, மரவள்ளி, மக்காச்சோளம், நிலக்கடலை (எண்ணெயும் சேர்த்து), முந்திரி, பப்பாளி, கொய்யா, அன்னாசி, பீன்ஸ். மஞ்சள் பூசணியும் வேண்டாம். அதற்குப் பரங்கிக்காய் என்று பெயர் வைத்தவர்கள் காரணமாகத்தான் வைத்தார்கள். சாம்பல் பூசணி இருக்கலாம்.

தாராளமாகச் சேர்க்கக்கூடியவை: மிளகு, திப்பிலி, இஞ்சி, மஞ்சள், சீரகம், கடுகு, புளி, நல்லெண்ணெய், கத்தரி, அவரை, முருங்கை, வாழைக்காய், கீரை, உளுந்து, பாசிப்பயறு, கொள்ளு, துவரை, சாமை, தினை, வரகு, நெல்லரிசி, தயிர், கருப்பட்டி, எள். அரிசி அந்தக் காலத்தில் உண்டா என்று பிள்ளைகள் கேட்பார்கள். பழனிப் பக்கம் பொருந்தலில் ஈமச் சின்னத்திலிருந்து நெல் நிறைந்த பானையே எடுத்திருக்கிறார்கள், அதன் காலக்கணிப்பு கி.மு. 490. அதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. அடுப்புப் பக்கத்தில் பலகை வைப்பீர்களானால் மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது, பழம்பாட்டில் வருவது, நாம் இட்டு நிரப்பியது. தாளிப்பை எடுத்துக்கொள்வோம். குறுந்தொகை 167-ல் தயிர் பிசைந்த விரலும், கண்ணில் ஏறும் தாளிப்புப் புகையும், புளிக்குழம்பும் வருகின்றன. தாளிப்புக்கு அதில் "குய்" என்று பெயர். ஆகவே தாளிப்பது இரண்டாவது வகை. எத்தனை கடுகு, எத்தனை சீரகம் என்பது மூன்றாவது வகை. இதைப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்வதில் எந்தக் குறையும் இல்லை.

பள்ளிமணி_சிலைமான்

ஐயா சொல்வது சரி. ஆனாலும் மிளகாயும் தக்காளியும் இல்லாமல் 6-ஆம் வகுப்புப் பிள்ளைகள் சாப்பிடுவார்களா? வாயில் வைத்துவிட்டுத் துப்பினால் பாடம் ஏறாது. ஒரு சட்டி மட்டும் இன்றைய முறையில் செய்தால் என்ன?

பழம்படி

செய்யலாம். அதைத் தனி அடுப்பில், "இன்றைக்கு" என்று எழுதி வையுங்கள். ஒரே கத்தரிக்காய், ஒரே புளி. ஒன்றில் மிளகு, மற்றதில் மிளகாய். இரண்டையும் ருசி பார்க்கிற பிள்ளைக்கு அதைவிட நல்ல வரலாற்றுப் பாடம் கிடையாது. ஒரே சட்டியில் கலப்பதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன்.

மண்வாசல்_மானாமதுரை

அடுப்புக்கு வருவோம். மூணு கல்லு வச்சே சமைக்கலாம், அதுதான் எல்லாத்துக்கும் மூத்தது. ஆனா ஆடியில திறந்தவெளியில மூணு கல்லுன்னா பாதிச் சூடு காத்தோட போயிரும். 15 பேருக்குக் கொடியடுப்போட (பெரிய அடுப்புச் சூடு வந்து சேர்ற பக்கத்துச் சின்ன அடுப்பு) சேர்ந்த மண் அடுப்பு ரெண்டு போதும். கோட்டையடுப்பெல்லாம் கல்யாணப் பந்திக்கு, இதுக்கு வேண்டாம்.

மண்: புற்றுமண் கிடைச்சா அதுதான் முதல். இல்லாட்டி கண்மாய்க் கரம்பை. புற்றுமண் 3 கூடை, ஆத்து மணல் 1 கூடை, வைக்கூளமோ உமியோ 1 கூடை. கரம்பையா இருந்தா மணலை ஒன்றரைக் கூடையாக்குங்க, கரம்பை ரொம்பச் சுருங்கும். சலிச்சுக் கல்லெடுத்து, ஒரு ராத்திரி ஊற வச்சு, மறுநாள் மிதிக்கணும். போதுமான்னு பாக்க, ஒரு உருண்டை பிடிச்சு இடுப்பு உயரத்துல இருந்து கீழே போடுங்க. தட்டையாச் சப்பளிஞ்சா தண்ணி கூட. சிதறினா தண்ணி பத்தல. ஓரத்துல லேசா வெடிச்சு உருண்டையாவே நின்னா பதம்.

அளவு: 25 செ.மீ. அகலப் பானைக்கு அடுப்போட உள்வட்டம் 20 முதல் 22 செ.மீ. சுவர் கனம் 8 செ.மீ. தரையிலிருந்து விளிம்பு வரை உயரம் 22 செ.மீ. வாய் அகலம் 16, உயரம் 14. விளிம்பு மேல மூணு குமிழ், ஒவ்வொண்ணும் 3 செ.மீ. உயரம். இந்தக் குமிழ்தான் அடுப்போட உயிர். 2 செ.மீ.க்குக் கீழே போனா புகை வெளியேற வழியில்லாம முன்வாயில வந்து சமைக்கிறவங்க முகத்துல அடிக்கும். 4-க்கு மேல போனா தீ பக்கவாட்டுல நக்கிட்டுப் போயிரும், பானை அடி சூடாகாது. பின்பக்கக் குமிழைக் கால் விரல்கடை உயர்த்தி வச்சா பானை உங்க பக்கம் சாயும், அதையும் பாத்துக்குங்க. மூணும் ஒரே மட்டம்.

கொடியடுப்புக்குப் போற வழி உள்ளங்கை நுழையுற அகலம் போதும், ஆனா மேல்நோக்கிச் சரிவா இருக்கணும். மட்டமா விட்டா சூடு அங்க போகாது. கொடியடுப்புல எதையும் கொதிக்க வைக்க நினைக்காதீங்க. வெந்த குழம்பு ஆறாம இருக்கவும், பருப்பு மெதுவா குழையவும் அது.

காய வைக்கிறதுலதான் நிறையப் பேர் கெடுக்குறாங்க. வெயில்லயும் காத்துலயும் விட்டா வெளித்தோல் முதல்ல காஞ்சு சுருங்கும், உள்ளே ஈரம் இருக்கும், விரிசல் விழும். ஆடிக் காத்துக்கு ரெண்டே மணி நேரத்துல வெடிக்கும். முதல் 2 நாள் ஈரச்சாக்கு போட்டு மூடி நிழல்ல வைங்க. அப்புறம் சாக்கை எடுத்துட்டு இன்னும் 8 நாள். நடுவுல மயிரிழை விரிசல் வந்தா அதே மண்ணைச் சாணியோட குழைச்சு, விரிசலை நனைச்சு, அழுத்தித் தேய்ங்க. நனைக்காம பூசினா ஒட்டாது.

முதல் தீ ரொம்பச் சின்னதா இருக்கணும். காஞ்ச பன்னாடை (தென்னை மட்டை அடியில இருக்கிற வலை மாதிரி நார்), நாலு சுள்ளி, அரை மணி நேரம். மறுநாள் ஒரு மணி நேரம். மூணாம் நாள்தான் உலை. அடுப்புக்கு உள்ளே அடியில 3 செ.மீ. சாம்பலை எப்பவும் விட்டு வைங்க. மொத்தமா வழிச்சு எடுத்தா தரை சூட்டை இழுக்கும்.

தோப்பு_திருப்புவனம்

ரொம்ப நன்றி அண்ணே. அடுப்பு வாயை எந்தத் திசைக்கு வைக்கணும்? கிழக்குப் பார்த்து நின்னு சமைக்கணும்னு பெரியவங்க சொல்றாங்க.

மண்வாசல்_மானாமதுரை

சமைக்கிறவங்க கிழக்குப் பாத்து உக்காந்தா அடுப்பு வாய் மேற்கே திறக்கும். மத்த மாசத்துல சரி. ஆடியில மேல்காத்து நேரா வாய்க்குள்ள புகுந்து, தீ மறுபக்கம் நாக்கை நீட்டும். விறகு ஒண்ணுக்கு ரெண்டா போகும், பானை ஒரு பக்கம் மட்டும் சூடாகி வெடிக்கும். அம்மியே பறக்கிற காத்து, பானை எம்மாத்திரம்.

ரெண்டு வழி இருக்கு. வாயைத் தெற்கே வச்சு, வடக்குப் பாத்து உக்காரலாம். இல்ல, கிழக்குதான் வேணும்னா உக்கார்ற இடத்துக்குப் பின்னால, அடுப்பிலிருந்து 5 அடி தள்ளி, ஒரு 3 அடி மண்சுவர் எழுப்பணும். ஓலைத் தட்டி மட்டும் கட்டிராதீங்க. ஒரு பொறி போதும்.

விறகுக்கட்டு_மேலூர்

விறகு பற்றி. சீமைக்கருவேல் நன்றாகவே எரியும், கங்கும் நிற்கும். இந்தப் பக்கத்துக் கரிமூட்டமெல்லாம் அதை நம்பித்தான் நடக்கிறது. ஆனால் அதுவும் தக்காளி போல அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். பெயரிலேயே சீமை இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் அந்த மரத்தைத் தெரியும், ஒருவன் கட்டாயம் கேட்பான். காட்சி அடுப்புக்கு நாட்டுக் கருவேல், புளி, உடைமரம், பனைமட்டை, தென்னம்பாளை, எருவாட்டி (வறட்டி) இவற்றை வையுங்கள். பாத்திரம் கழுவ வெந்நீர் போட, பின்னால் மறைவாகச் சீமைக்கருவேலை எரித்துக்கொள்ளலாம்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. பன்னாடையும் பாளையும் பற்ற வைக்க. பனைமட்டையும் பருத்திமாரும் படபடவென்று எரிந்து அடங்கும், உலையைச் சீக்கிரம் கொதிக்க வைக்கலாம், கங்கு தங்காது. புளியும் கருவேலும் நின்று எரியும், குழம்பு வற்றக் கங்கு தரும். எருவாட்டி மெதுவாகக் கனியும், பால் காய்ச்சவும் கொள்ளு வேகவும் நல்லது. நன்றாகக் காயாத எருவாட்டி போட்டால் அந்த வாடை மூடியில்லாத சோற்றில் ஏறும்.

அரளி, எட்டி, கள்ளி மூன்றையும் அடுப்புப் பக்கமே கொண்டு வராதீர்கள். அரளியும் எட்டியும் நஞ்சு, கள்ளிப் பால் கண்ணைக் கெடுக்கும். வேலியில் வெட்டிப் போட்ட சுள்ளிக் கட்டுக்குள் அரளிக் குச்சி கலந்து கிடக்கும், ஒவ்வொன்றாகப் பாருங்கள். சாயம் அடித்த பலகை, பிளைவுட் துண்டு எதுவும் கூடாது.

காய்ந்த விறகுக்கு அடையாளம்: வெட்டு முகத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்கு வெடிப்பு ஓடியிருக்கும், பட்டை தானாகக் கழன்று வரும், இரண்டு துண்டைத் தட்டினால் "டங்" என்று கேட்கும். பச்சை விறகு "தொத்" என்கும். பிளந்து 3 மாதமாவது காய்ந்திருக்க வேண்டும். கட்டை விரல் கனம் முதல் மணிக்கட்டுக் கனம் வரை போதும். 15 பேர் சமையலுக்கு நாளொன்றுக்கு 12 கிலோ எடுத்து வையுங்கள். மிச்சமானால் நல்லது, நடுவில் தீர்ந்தால் சோறு அரைவேக்காடாகும்.

தீயைக் கையாளுவதில் ஒரே ஒரு விதி. அடுப்பு வாயை விறகால் அடைக்காதே. மூன்று கட்டைக்கு மேல் ஒரு நேரத்தில் வேண்டாம். கட்டைகளின் முனை மட்டும் நடுவில் சந்திக்க வேண்டும், அடியில் காற்று போக இடம் வேண்டும். சூடு கூட வேண்டுமானால் கட்டையை உள்ளே தள்ளு, குறைய வேண்டுமானால் வெளியே இழு. புதிதாகச் செய்பவர்கள் தீ குறைந்தால் இன்னும் இரண்டு கட்டையைத் திணிப்பார்கள். காற்று அடைபட்டுப் புகை கிளம்பும், பிறகு ஊதுகுழலை எடுத்துக் கண் சிவக்க ஊதுவார்கள். ஒரு கட்டையை வெளியே இழுத்தாலே அது தானாகப் பிடித்துக்கொள்ளும்.

அம்மிக்கல்_சோழவந்தான்

பானையைப் பத்தி நான் சொல்றேன். தம்பி, கடையில கையை மடக்கித் தட்டிப் பாருங்க, கணீர்னு கேக்கணும். மொத்தையாக் கேட்டா எங்கயோ விரிசல் இருக்கு. உள்ளே பளபளன்னு மெருகு பூசின சட்டி வேண்டாம். அந்த மெருகுல ஈயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு, புளி போட்டுக் கொதிக்க வச்சா குழம்புல இறங்கும். வெறும் மண் சட்டி வாங்குங்க. மானாமதுரை பக்கத்துலயே இருக்கு. அடி உருண்டையா இருக்கிறதா பாருங்க. தட்டை அடிச் சட்டி கேஸ் அடுப்புக்காகச் செஞ்சது, அதுல அடிமூலையில சூடு தேங்கி வெடிக்கும். உருண்டை அடின்னா இறக்கி வைக்கப் பிரிமணை வேணும், வைக்கோலை முறுக்கி ஆளுக்கு ஒண்ணு செஞ்சுக்கலாம்.

பழக்குறதுக்கு 4 நாள் வேணும். முதல் நாள் முழுக்கத் தண்ணியில முக்கி வைங்க. குமிழி வர்றது நிக்கணும். ரெண்டாம் நாள் நிழல்ல காய வச்சு, வெளியிலயும் உள்ளயும் நல்லெண்ணெய் தடவி ஒரு ராத்திரி விடுங்க. மூணாம் நாள் அரிசி கழுவின தண்ணியோ வடிகஞ்சியோ முக்கால் பானை ஊத்தி, சின்னத் தீயில ஒரு மணி நேரம் கொதிக்க விட்டு, அடுப்புலயே ஆற விடுங்க. நாலாம் நாள் மறுபடி அதே. கஞ்சி மண்ணோட நுண்துளைக்குள்ள போய் அடைக்கும், கசிவு நிக்கும். லேசான கசிவுக்குப் பயந்து பானையைத் தூக்கிப் போட்டுராதீங்க, ரெண்டாவது கஞ்சியில நின்னுரும். சொட்டுச் சொட்டா விழுந்தா மட்டும் அது ஆகாது.

சமைக்கிறதுக்கு முன்னாடி பானையோட அடியிலயும் வெளிப்பக்கத்துலயும் சாம்பலும் மண்ணும் குழைச்சு மெல்லிசாப் பூசிருங்க. கரி அந்தப் பூச்சுல பிடிக்கும், கழுவும்போது சேர்ந்து வந்துரும். தீ நேரா சட்டியில படுறதும் குறையும்.

உடையுறதுக்கு நாலு காரணந்தான் திரும்பத் திரும்ப. வெறும் பானையைத் தீயில வைக்கிறது. சூடான பானையில பச்சைத் தண்ணி ஊத்துறது (பக்கத்துல எப்பவும் ஒரு சட்டி வெந்நீர் வச்சுக்குங்க). இறக்கி ஈரத் தரையிலயோ சிமெண்டுலயோ வைக்கிறது. எடுத்த எடுப்புல பெருந்தீ. சோறு அடிப்பிடிச்சா எவர்சில்வர் பானையை ஈரச்சாக்குல வைப்போம்ல, அந்தப் பழக்கத்துல மண்பானையையும் வச்சா அப்பவே ரெண்டாப் பிளக்கும். அடிப்பிடிச்சா கிளறாம மேல்சோத்தை மட்டும் அகப்பையால வேற சட்டிக்கு மாத்துங்க.

கழுவுறதுக்குச் சாம்பலும் தேங்காய் நாரும். சோப்புப் பட்டா மண்ணு குடிச்சுரும், அடுத்த நாள் குழம்புல அந்த வாசம் வரும்.

தோப்பு_திருப்புவனம்

அக்கா, அப்ப சமையலுக்கு அளவும் நேரமும் சொல்லுங்க. சோறு, கத்தரிக்காய் மிளகுக் குழம்பு, கொள்ளு, மோர், எள்ளுருண்டைன்னு மாத்திட்டோம். 12.30-க்குச் சாப்பாடு.

அம்மிக்கல்_சோழவந்தான்

கொள்ளுதான் முதல்ல ஏறணும், அதுக்குத்தான் நேரம் பிடிக்கும். அரை கிலோ, முதல் நாள் ராத்திரியே ஊறணும். காலை 9 மணிக்கு 3 லிட்டர் தண்ணியில போட்டு எருவாட்டித் தீயில விடுங்க. ஒன்றரை மணி நேரம். நசுக்கினா மாவாகிற வரைக்கும் உப்போ புளியோ போடாதீங்க. புளி விழுந்தா தோல் இறுகிரும், அப்புறம் சாயங்காலம் வரை வெந்தாலும் வேகாது.

அரிசி ஒன்றரைக் கிலோ, புழுங்கல். ஒரே பெரிய பானையில வேண்டாம். தண்ணியும் சோறுமா 10 லிட்டர் பானையைச் சூட்டோட தூக்கிச் சாய்க்கிறது புதுக்கைக்கு ஆபத்து. 7 லிட்டர் பானை ரெண்டு, ஒண்ணுக்கு 750 கிராம் அரிசி, 4 லிட்டர் தண்ணி. உலை கொதிக்கவே மண்பானையில அரை மணி நேரத்துக்கு மேல ஆகும், 10.30-க்கு ஏத்துங்க. அரிசியைக் களைஞ்சு அந்த நேரத்துல ஊற விடுங்க. உலை தளதளன்னு வந்ததும் அரிசி போட்டு, ஒரு தடவை துழாவி, கட்டையைக் கொஞ்சம் வெளியே இழுங்க. பொங்கி வழிஞ்சா தீ அணையுறது மட்டுமில்ல, கஞ்சி வெளிச்சுவர்ல ஓடி அடுப்பு மண்ணும் ஊறும். ஒரு பருக்கையை நசுக்கினா நடுவுல ஊசி முனை மாதிரி வெள்ளை தெரியணும், அப்ப இறக்குங்க. முழுசா வெந்தப்புறம் இறக்கினா குழைஞ்சுரும், மண்பானை இறக்கின பிறகும் அஞ்சாறு நிமிஷம் வேக வைக்கும்.

வடிக்கிறதுக்கு மூடியில துணியைச் சுத்தி, அழுத்திப் பிடிச்சு, வாய் அகலமான சட்டி மேல சாய்ச்சு வைக்கணும். பழகாதவங்க அகப்பையால கஞ்சியை மொண்டு எடுத்தாலே போதும். வடிச்ச பானையைத் தீயில்லாத கங்கு மேல 10 நிமிஷம்.

குழம்பு 15 பேருக்கு: பிஞ்சுக் கத்தரிக்காய் 750 கிராம், சின்ன வெங்காயம் 400, பூண்டு 100, புளி 120, மிளகு 25, சீரகம் 15, கொத்தமல்லி விதை 30, மஞ்சள் ஒரு விரல்கடைத் துண்டு, நல்லெண்ணெய் 150 மி.லி., கல்லுப்பு 35 கிராம் போட்டுட்டு ருசி பாத்துக் கூட்டுங்க, கருப்பட்டி நெல்லிக்காய் அளவு. புளியை 3 லிட்டர் தண்ணியில கரைங்க.

மிளகு வறுக்க வறையோடு வேணும். உடைஞ்ச பானையோட அகலமான ஓடே போதும். மிளகு ஒண்ணு ரெண்டு துள்ள ஆரம்பிச்சதும் எடுத்துருங்க. கறுத்துப் போனா குழம்பு முழுக்கக் கசக்கும், கருப்பட்டி போட்டாலும் மறையாது. அம்மியில மல்லியையும் மஞ்சளையும் முதல்ல அரைச்சு, சீரகம், கடைசியா மிளகு. மஞ்சள் கிழங்கை முதல் நாளே ஊறப் போடாட்டி அம்மியில ஓடும். மிளகுல முக்கால் பங்கை மட்டும் இப்ப போடுங்க. மிச்சத்தைக் கொரகொரப்பா இடிச்சு வச்சு, இறக்குறப்ப தூவுங்க. ரொம்ப நேரம் கொதிச்சா மிளகோட மணம் ஆவியோட போயிரும், காரம் மட்டும் தொண்டையில நிக்கும்.

சட்டியில எண்ணெய் ஊத்திட்டு அப்புறம் அடுப்புல வைங்க. எண்ணெய் காஞ்சு கடுகு பொரிய 5 நிமிஷத்துக்கு மேல ஆகும், அவசரப்பட்டுக் கட்டையைத் தள்ளாதீங்க. ஏன்னா மண்சட்டி ஏறவும் மெதுவு, இறங்கவும் மெதுவு. கடுகு வெடிச்ச அடுத்த நொடி வெங்காயம் போகணும், தீயைக் குறைச்சுக்கலாம்னு நினைச்சா அதுக்குள்ள கருகிரும். வெங்காயம், பூண்டு, கத்தரி வதங்கி, புளித்தண்ணியைச் சூடா ஊத்தணும், பச்சையா ஊத்தக்கூடாது. அரைச்சது, உப்பு போட்டு 25 நிமிஷம். எண்ணெய் ஓரத்துல பிரிஞ்சு மிதக்கும். குழம்பு இன்னும் கொஞ்சம் தண்ணியா இருக்கும்போதே இறக்குங்க, சட்டிச் சூட்டுலயே சரியான பதத்துக்கு வந்துரும்.

தோப்பு_திருப்புவனம்

சோற்றுக்குப் பதில் ஒரு நாள் வரகு வைக்கலாமா?

பழம்படி

வைக்கலாம், நல்ல யோசனை. ஒன்றை மட்டும் பாருங்கள். மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த வரகு தின்றால் தலை சுற்றும், வாந்தி வரும், உடல் நடுங்கும். 2024 அக்டோபர் கடைசியில் மத்தியப் பிரதேசத்துப் பாந்தவ்கரில் 10 யானைகள் இறந்ததற்குப் பூஞ்சை பிடித்த வரகின் நஞ்சுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. வேக வைத்தால் போய்விடும் என்று நம்பாதீர்கள். தீட்டிச் சுத்தம் செய்த, நன்கு காய்ந்த வரகரிசியை நம்பிக்கையான இடத்தில் வாங்குங்கள். கறுத்த மணி, முடை வாடை இருந்தால் மூட்டையோடு திருப்பிக் கொடுங்கள். பிள்ளைகளுக்கு என்பதால் எனக்குக் கேட்டால் சாமையைச் சொல்வேன்.

அம்மிக்கல்_சோழவந்தான்

சாமைக்கும் வரகுக்கும் ஒண்ணுக்கு இரண்டரைத் தண்ணி, வடிக்க வேண்டாம். கல்லரிச்சுக் களையணும், ரெண்டுலயும் பொடிக்கல் இருக்கும். 12 நிமிஷத்துல வெந்துரும், அதனால தீயைக் கங்காக்கி வச்ச பிறகு போடுங்க.

பள்ளிமணி_சிலைமான்

பிள்ளைகள் நிற்கும் இடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அடுப்பு வாயிலிருந்து 2 மீட்டர் தள்ளித் தரையில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். காற்று வரும் பக்கம் நிறுத்துங்கள், புகை போகும் பக்கம் வேண்டாம். இளைப்பு உள்ள பிள்ளைகள் யார் என்று ஆசிரியரிடம் முன்பே கேட்டு, அவர்களை அம்மிக்கும் உரலுக்கும் அனுப்பிவிடலாம். சமைப்பவர்கள் பருத்தி உடுத்த வேண்டும், நைலான் உருகித் தோலில் ஒட்டும். முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள், வேட்டியென்றால் மடித்துக் கட்டுங்கள். இரண்டு வாளி மணல், இரண்டு வாளி தண்ணீர், ஒரு ஈரச்சாக்கு. சட்டியில் எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றக்கூடாது. மூடியால் மூடிக் கட்டையை இழுக்க வேண்டும். இதை நான்கு பேரும் முதல் நாளே ஒரு முறை செய்து பாருங்கள்.

தீ மூட்டுவதையும் காட்டப் போகிறீர்களா? தீக்குச்சி கீழடிக்குப் பொருந்தாதே.

விறகுக்கட்டு_மேலூர்

கடைகோலில் (கட்டையில் கோலைச் சுழற்றிக் கடைந்து) தீ எடுப்பதை நேரம் குறித்துச் செய்ய முடியாது. கட்டையில் கொஞ்சம் ஈரம் இருந்தால் அரை நாள் கடைந்தாலும் புகைதான் வரும். பிள்ளைகள் வருவதற்கு முன் பின்பக்க அடுப்பில் கங்கு தயார் செய்து, ஒரு ஓட்டில் எடுத்து வந்து, பன்னாடைக்குள் வைத்துப் பொத்தி ஊதிப் பற்ற வையுங்கள். வீட்டுக்கு வீடு நெருப்பு வாங்கிப் போனது அப்படித்தான். கடைகோலைப் பக்கத்தில் வைத்து, ஆளுக்கு ஒரு முறை கடையக் கொடுக்கலாம். கை சூடாவதே அவர்களுக்குப் போதும்.

தோப்பு_திருப்புவனம்

கடைசியாக ஒன்று. முதல் நாள் முடிந்ததும் அடுப்பை என்ன செய்வது? தண்ணீர் தெளித்து அணைக்கலாமா?

மண்வாசல்_மானாமதுரை

தண்ணி ஒரு சொட்டுக்கூட வேண்டாம், சூட்டுல இருக்கிற மண்ணு அப்படியே வெடிக்கும். கொள்ளிக்கட்டையை வெளியே இழுத்து முனையை மணல்ல புதைங்க. அடுப்புக்குள்ள இருக்கிற கங்கை நடுவுல குவிச்சு, சாம்பலைப் போட்டு நல்லா மூடுங்க. காத்துப் படாம இருந்தா விடியக்காலை கிளறும்போது உள்ளே சிவப்பா இருக்கும், மறுநாள் அதுலயே பத்த வைக்கலாம். கழுவின பானையைக் கவுத்துப் போடாம ஒருக்களிச்சு வைங்க, உள்ளே ஈரம் போகணும்.

ராத்திரி அடுப்பு மேல ஒரு உடைஞ்ச பானையைக் கவுத்துட்டு, வாய்க்குப் பெரிய கல்லை அண்டக் கொடுத்துருங்க. வெதுவெதுப்புக்குத் தோப்பு நாய் வந்து ஏறிப் படுக்கும். குமிழ் உடைஞ்சுச்சுன்னா காய வைக்க மறுபடி 3 நாள் வேணும், உங்களுக்கு அந்த நேரம் இல்ல.